எவரும் எழுதாத சட்டம்

தஞ்சைத் தரணியில் நடவுக் காலம். உழுது கலக்கிச் சமன்செய்த சேற்று வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள் பெண்கள். முழங்கால் வரை சேறு; முதுகிலே வெயில்; இடக்கையிலே நாற்று முடி. வலக்கையோ ஓய்வறியாது மண்ணைத் தொட்டுத் தொட்டு மீள்கிறது. மாலையில் அவர்கள் கரையேறும்போது, காலையில் வெறுஞ்சேறாகக் கிடந்த வயல் பச்சை பூண்டு நிற்கிறது. தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று நெஞ்சு நிமிர்த்திப் பேசுகிறோமே, அந்தப் பெருமை இந்தக் குனிந்த முதுகுகளின் மேல் கட்டப்பட்ட பெருமை!

அந்த வயலோரத்தில் நின்று, வழிப்போக்கர் ஒருவரிடம், "இந்த வயலின் விவசாயி யார்?" என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே. அவருடைய கை, சேற்றில் நிற்கும் பெண்களின் பக்கம் திரும்பாது. வரப்பின்மேல் குடை பிடித்து நிற்கும் ஒருவரைச் சுட்டும். நட்டவள் நடவாள், களை பறித்தவள் கூலியாள், விவசாயி என்ற பெயர் மட்டும் வரப்பின்மேல் நிற்பவருக்கு! இந்தியாவில் 2015-16ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடி நடத்துவோராகப் பதிவானவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரே பெண்கள். நட்ட கைகளைக் கணக்கெடுத்திருந்தால் அந்த எண் எங்கே நின்றிருக்கும்!

இந்தப் பெயர்சூட்டு விழாவை நடத்தியவர் யார்? எந்த அரசு ஆணையிட்டது? எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. எவரும் எழுதவில்லை, எல்லோரும் கீழ்ப்படிகிறோம். எழுதிய சட்டமானால் எதிர்த்து வழக்காடலாம், மன்றத்திலே திருத்தலாம், மக்களைத் திரட்டி நீக்கலாம். 1989இல் தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் சொத்திலே சமபங்கு என்று சட்டம் திருத்தினோம். அது எழுதிய சட்டம், ஆகவே திருத்த முடிந்தது. எவரும் எழுதாத சட்டத்தை என் செய்வது? இந்தக் கேள்வியைத்தான் இன்று எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்டோம். காரணம் உண்டு. வயலோரத்தில் வாழ்ந்த அந்தச் சட்டம் இப்போது புதிய மாளிகையொன்றில் குடியேறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்பது அந்த மாளிகையின் பெயர்.

செயற்கை நுண்ணறிவு எப்படிக் கற்கிறது? மனிதர் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான பக்கங்களை அதற்கு ஊட்டுகிறார்கள். எந்தச் சொல்லுக்கு அருகே எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்று அது கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைக் கொண்டு அடுத்து வரவேண்டியதை ஊகிக்கிறது. ஊகம் பெரும்பாலும் பொருந்துகிறது. பொருந்துவது கண்டு நாம் அதனை அறிவு என்கிறோம். ஆனால், பக்கங்களோடு சேர்ந்து, பக்கங்களை எழுதியவர்களின் பழக்கமும் உள்ளே போய்விடுகிறது!

2017ஆம் ஆண்டு 'சயின்ஸ்' என்னும் ஆய்விதழில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை எடுத்துக்காட்டிற்று. இப்படிக் கற்ற பொறியின் உள்ளே ஆண்களின் பெயர்கள் தொழில், ஊதியம், அலுவல் என்னும் சொற்களோடு ஒட்டிக்கொண்டு நின்றன. பெண்களின் பெயர்களோ வீடு, குடும்பம் என்னும் சொற்களோடு ஒட்டிக்கொண்டு நின்றன. துருக்கி மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சுட்டுச்சொல்தான். அந்தச் சொல்லை வைத்து எழுதிய இரு வாக்கியங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னார்கள். பொறி, மருத்துவரை 'அவன்' என்றது. செவிலியரை 'அவள்' என்றது. மூலத்தில் அவனும் இல்லை, அவளும் இல்லை!

துருக்கிக்கு ஏன் போகவேண்டும்? நம் தமிழிலே 'அவர்' என்றொரு சொல் இருக்கிறது. மதிப்பைச் சொல்லும்; ஆணா பெண்ணா என்று சொல்லாது. "அவர் மருத்துவர்" என்று தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் ஆண்பாலாக வரக் கண்டவர்கள் பலர். "செவிலி என்னும் சொல்லே முன்னாளில் பெண்ணைக் குறித்ததுதானே, அதைப் பெண்பாலில் பெயர்த்தால் என்ன பிழை?" என்று கேட்பார் சிலர். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் மருத்துவர் என்னும் சொல்லின் எந்த மூலையில் ஐயா ஆண் ஒளிந்துகொண்டிருக்கிறான்? புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912இல்! நூறாண்டுக்கு மேலாகியும் பொறிக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

"ஒரு சொல்தானே, இதற்கா இத்தனை வாதம்?" என்று அலுத்துக்கொள்வோர் இருப்பர். சொல்லோடு நின்றதா? அதையும் பார்ப்போம்.

அமேசான் என்னும் பெருநிறுவனம், வேலைக்கு வரும் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு பொறியை 2014இல் உருவாக்கத் தொடங்கிற்று. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களே அதற்குப் பாடநூல். அந்தத் தொழிலில் அப்போது பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே விண்ணப்பங்களும் பெரும்பாலும் ஆண்களுடையவை. பொறி பாடம் படித்தது. என்ன படித்தது? 'மகளிர்' என்னும் பொருள்தரும் சொல் விண்ணப்பத்தில் இருந்தால் மதிப்பெண்ணைக் குறை என்று படித்தது! மகளிர் கல்லூரிகள் இரண்டில் பயின்றவர்களையும் கீழே தள்ளிற்று. திருத்திப் பார்த்தார்கள், வேறு வழியில் அதே பாகுபாட்டைச் செய்யாது என்று உறுதி சொல்ல முடியவில்லை. 2017 தொடக்கத்திற்குள் அந்த முயற்சியே கைவிடப்பட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் இதனை வெளிக்கொணர்ந்தது. பொறியை மட்டுமே நம்பி ஆள் எடுக்கவில்லை என்றும் அச்செய்தி சொல்கிறது. நன்று. ஆனால் பொறி கற்ற பாடம் கற்ற பாடம்தானே!

இதனை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். தஞ்சையிலே குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. குடந்தையிலே அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. நடவுக்குப் போன தாயின் மகள், பேருந்தில் தொங்கிப் பயணம் செய்து, அந்த வாயில்களில் நுழைந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வெளியே வருகிறாள். விண்ணப்பம் எழுதுகிறாள். கல்லூரியின் பெயரை எழுதும்போது 'மகளிர்' என்ற சொல் வருகிறது; எழுதாமல் இருக்க முடியுமா? அப்படியொரு பொறியின் முன்னால் அந்த விண்ணப்பம் போனால், அவள் வாழ்க்கையில் எந்தச் சொல்லைப் பெருமையாகக் கருதினாளோ அந்தச் சொல்லே அவளைக் கவிழ்க்கும். ஏன் கிடைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. எவரும் அவளிடம் "நீ பெண், போ" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்!

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. குற்றம் யாருடையது? பொறியாளரைக் கேட்டால், "பெண்ணைத் தள்ளு என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை" என்பார், உண்மை. மேலாளரைக் கேட்டால், "கணினி சொல்லிற்று" என்பார், அதுவும் உண்மை. கணினியைக் கேட்டால்? அதற்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது, எண்தான் தெரியும். தீங்கு நடந்திருக்கிறது, செய்தவரைக் காணோம்!

தோழர்களே, இந்த வித்தை நமக்குப் புதிதா? வேதம் எவராலும் இயற்றப்படாதது, அபௌருஷேயம் என்றார்கள். எழுதியவர் இல்லையென்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லையென்றால் கேள்விக்கும் இடமில்லை! பிறப்பைக் காட்டித் தொழிலை விதித்த சாத்திரங்கள் எத்தனை நூற்றாண்டு இந்த மதிலுக்குப் பின்னால் பாதுகாப்பாக வாழ்ந்தன என்பதை நாம் அறிவோம். அன்று, "ஆண்டவன் விதித்தது" என்றார்கள். இன்று, "அல்காரிதம் கணித்தது" என்கிறார்கள். இரண்டிலும் மறைந்திருப்பது ஒன்றே: முடிவெடுத்த மனிதன்.

அந்த மனிதனை எங்கே தேடுவது? கல்லணைக்கு வாருங்கள், காட்டுகிறோம். அங்கே வந்து சேரும் நீர் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் கொள்ளிடத்துக்கும் பிரிகிறது. பேராவூரணிப் பக்கத்துக் கடைமடையில் ஒரு வயல் காய்ந்தால் உழவர் என்ன செய்கிறார்? "தண்ணீரின் இயல்பு அப்படி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறாரா? மதகை எவ்வளவு உயர்த்தினார்கள், முறை வைத்தது யார், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டது யார் என்று கேட்கிறார். ஆட்சியர் அலுவலகம் வரை போய்க் கேட்கிறார். நீருக்கு நோக்கம் இல்லை. மதகுக்கோ ஆள் இருக்கிறார். பள்ளம் நோக்கிப் பாய்வது நீரின் இயல்பு; எங்கே பள்ளம் வெட்டுவது என்பது மனிதன் எடுத்த முடிவு.

தரவு என்பதும் அத்தகைய நீரே. எந்தப் பத்தாண்டின் விண்ணப்பங்களைப் பாடமாக வைப்பது என்று ஒருவர் முடிவு செய்தார். முகம் அறியும் பொறிகளில் கறுத்த பெண்களின் முகங்களைப் போதிய அளவு சோதிக்காமலே சந்தைக்கு அனுப்பலாம் என்று எவரோ இருந்துவிட்டார். 2018இல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு கறுப்பினப் பெண் ஆராய்ச்சியாளர்கள், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் பொறிகளைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களிடத்தில் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. கறுத்த தோல் பெண்களிடத்தில் நூற்றுக்கு 34.7 வரை போயிற்று! அந்தக் கேள்வியை எழுப்பாமல் விட்டால் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாமலே போகும். கேட்காமல் விட்டதும் ஒரு முடிவே. வரப்பில் வெடிப்பைக் கண்டும் காணாதவனாய் வீட்டுக்குப் போய்ப் படுத்தவன், "பக்கத்து வயலை மூழ்கடித்தது வெள்ளம், நானல்ல" என்று ஊரார் முன் சொல்ல முடியுமா?

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. அவர்கள் வாதத்தையும் மதித்துக் கேட்போம்.

"பொறி ஒரு கண்ணாடி, சமுதாயம் எப்படியோ அப்படிக் காட்டுகிறது, முகம் கோணலாக இருந்தால் கண்ணாடியைக் குறை சொல்லலாமா?" என்பது முதல் வாதம். கண்ணாடி முகத்தைக் காட்டும், முகத்தை ஆக்காது. இந்தப் பொறியோ இன்று ஒரு பெண்ணைத் தள்ளுகிறது. தள்ளியதால் நாளை அந்தத் தொழிலில் பெண்கள் குறைகிறார்கள். குறைந்த அந்தக் கணக்கே நாளைய பொறிக்குப் பாடமாகிறது. தான் வெட்டிய பள்ளத்தைத் தானே காட்டி, "பாருங்கள், நீர் இங்கேதான் தேங்குகிறது" என்று சொல்லும் விந்தையை எந்தக் கண்ணாடியும் செய்ததில்லை.

இரண்டாவது வாதம் சற்று வலிவானது. "பொறி சொல்வது கணக்கு. பெரும்பாலான பொறியாளர்கள் ஆண்கள் என்பது உண்மையானால், ஆண் என்று ஊகிப்பது பொய்யாகுமா?" என்கிறார்கள். நேர்மையான கேள்வி. விடை காண மூவலூருக்குப் போவோம்.

மாயூரத்தை அடுத்த மூவலூரில் வளர்ந்தவர் இராமாமிர்தம் அம்மையார். பிறந்தது 1883இல். தேவதாசி மரபிலே வளர்க்கப்பட்ட சிறுமி. அந்நாளில் நம் பொறி இருந்து, தஞ்சை மாவட்டத்துக் கோயில் கணக்குகளையெல்லாம் அதற்கு ஊட்டி, "இந்தச் சிறுமி என்ன ஆவாள்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? ஐயமென்ன, "பொட்டுக்கட்டப்படுவாள்" என்று சொல்லியிருக்கும். கணக்கின்படி அது சரியான விடை. ஆனால் அந்தச் சிறுமி வளர்ந்து, அந்த மரபையே எதிர்த்து மேடையேறினார். 1936இல் அதன் கொடுமையைப் புதினமாக எழுதி வெளியிட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதைக் கண்டார். கூட்டத்தைப் பற்றிய கணக்கு உண்மையாக இருக்கலாம். ஒருவரைப் பற்றிய தீர்ப்பாக அதனை மாற்றும் அந்தக் கணத்திலேயே அது அநீதியாகிறது. பிறப்பைக் கொண்டு ஒருவருடைய தொழிலை முன்கூட்டியே சொல்வதற்கு நம் நாட்டிலே பழைய பெயர் ஒன்று உண்டு. வருணாசிரமம் என்பது அந்தப் பெயர்! நேற்று இருந்தது என்பது, நாளையும் இருக்கவேண்டும் என்பதற்குச் சான்றாகாது. பகுத்தறிவின் அரிச்சுவடியில் முதற்பாடம் இது.

இனி, அந்த மாளிகையின் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடுவோம். 2018ஆம் ஆண்டு உலகப் பொருளாதார மன்றம் வெளியிட்ட அறிக்கையின்படி, செயற்கை நுண்ணறிவுத் துறை வல்லுநர்களில் பெண்கள் நூற்றுக்கு 22 பேர். ஆனால் அந்த மாளிகைக்கு ஒரு சேற்று வயலும் உண்டு. பொறி கற்பதற்கு முன்னால், இலட்சக்கணக்கான படங்களுக்கும் குரல்களுக்கும் வாக்கியங்களுக்கும் "இது மரம், இது மாடு, இது கோபம்" என்று எவராவது உட்கார்ந்து பெயர் குறிக்க வேண்டும். இந்தியாவின் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் அந்த வேலையைச் செய்வோரில் பெண்கள் ஏராளம். காலையிலிருந்து மாலை வரை திரையின்முன் குனிந்து, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போகிறார்கள். அந்தக் கைகளை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம் அல்லவா? நாற்று நட்ட அதே கைகள்! நட்டவளை விவசாயி என்று சொல்லாத உலகம், குறித்தவளை அறிவியலாளர் என்றா சொல்லப்போகிறது?

இது அத்துறையின் பிறவிக்குணமும் அன்று. 1946இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் பெருங்கணினி மக்கள்முன் வைக்கப்பட்டபோது, அதற்குக் கட்டளைகளை அமைத்தவர்கள் ஆறு பெண்கள். விழாவில் அவர்களுக்கு உரிய புகழ் தரப்படவில்லை. கட்டளை எழுதுவது சிறு வேலை என்று எண்ணியவரை அது பெண்ணுக்கு. பெருமையும் பணமும் சேர்ந்த பின்னர் அது ஆணுக்கு. நம் வயலிலும் இந்தக் கதையைக் காணலாம். கையால் நடும்வரை நடவு பெண்ணின் வேலை. நடவு இயந்திரம் வயலில் இறங்கியதும் அதன் இருக்கையில் பெரும்பாலும் ஏறியவர் ஆண். சேறு அவளுக்கு, இருக்கை இவருக்கு!

இவ்வளவும் பிறரைக் கேட்டோம். இனி நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா? பொறி எவருடைய எழுத்தைப் படித்துக் கெட்டது? நம் எழுத்தையுந்தானே! நம் கதைகளைப் புரட்டுங்கள்: "அப்பா வந்தார், அம்மா வந்தாள்." 'அவர்' என்னும் அருமையான சொல்லை வைத்துக்கொண்டு, அதனை வீட்டிலே ஆணுக்கு மட்டும் பரிமாறினோம். பெண்ணுரிமை பேசும் மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய், "சோறு வைத்துவிட்டாளா?" என்று கேட்கும் தோழர்களை நாம் அறிவோம். ஒளிப்பானேன், நாமும் அந்தக் குற்றத்திலிருந்து முற்றும் நீங்கியவர்கள் அல்லோம். எவரும் எழுதாத சட்டம் என்றோமே, தவறு. நாம் எல்லோரும் சேர்ந்து, நாள்தோறும், ஒவ்வொரு எழுத்தாக எழுதிய சட்டம் அது. ஆளுக்கு ஓர் எழுத்தாக எழுதியதால் கையெழுத்து அடையாளம் தெரியவில்லை!

இதிலே நம்பிக்கையும் இருக்கிறது. நாம் எழுதியதானால் நாமே திருத்தலாம். கண்டனம் எழுந்தபின், 2018 டிசம்பரில் கூகுள் நிறுவனம் துருக்கியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது சில வாக்கியங்களுக்கு ஆண்பால், பெண்பால் இரண்டையும் காட்டத் தொடங்கிற்று. கேட்ட உதவியைச் செய்யும் குரல் பெண்குரலாகவே இருக்கவேண்டுமா என்று யுனெஸ்கோ 2019இல் அறிக்கை வெளியிட்டுக் கேட்டது. 2021இல் ஆப்பிள் நிறுவனம் ஆங்கிலத்தில் பெண்குரலைத் தானாகவே அமர்த்தும் வழக்கத்தைக் கைவிட்டுப் பயன்படுத்துவோரே தேர்ந்துகொள்ள விட்டது. கேட்டால் மதகு அசைகிறது. கேட்காதவரை, "இயல்பு இது" என்று துருப்பிடித்து நிற்கிறது.

ஆகவே, இளைஞர்களே, உங்களுக்கு மூன்று பணிகள் காத்திருக்கின்றன. ஆள் எடுக்கவோ கடன் கொடுக்கவோ உதவித்தொகைக்குப் பெயர் பொறுக்கவோ எந்த நிறுவனமாவது, எந்த அலுவலகமாவது பொறியை அமர்த்தினால், எந்தத் தரவை ஊட்டினீர்கள், பெண்களிடத்தில் சோதித்தீர்களா, தவறினால் பதில் சொல்லும் மனிதர் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லக்கூடிய ஒரு மனிதர் இல்லாத தீர்ப்பை ஏற்காதீர்கள். இது முதற்பணி.

இரண்டாவது: அந்த மாளிகைக்குள் நுழையுங்கள், உங்கள் தங்கையரை முன்னே அனுப்புங்கள். 2024 செப்டம்பரில் தஞ்சையிலே தகவல் தொழில்நுட்பத்துக்கென டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022இல் தொடங்கியபோது, அதற்குச் சூட்டப்பட்ட பெயர் மூவலூர் அம்மையாரின் பெயர். அந்தப் பெயரில் உதவி பெற்றுப் படித்த பெண், படங்களுக்குப் பெயர் குறிக்கும் நாற்காலியோடு நின்றுவிடக் கூடாது. மதகின் பிடி இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும்.

மூன்றாவது பணி, மிகச் சிறியது; மிகக் கடினமானது. நாளைய பொறிகள் தமிழைக் கற்கப்போவது இன்று நாம் எழுதும் பக்கங்களிலிருந்து. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் கணினியில் ஏறியிருக்கும் தமிழ் சிறிதளவே; ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் எடை அதிகம். அம்மாவும் வந்தார் என்று எழுதுங்கள். பொறியாளரைப் பற்றிக் கதை எழுதும்போது அவருக்குக் கயல்விழி என்று பெயர் வையுங்கள். எழுதுவதோடு நில்லாமல், வீட்டிலும் அப்படியே பேசுங்கள்.

மறுபடியும் அந்த வயலோரத்துக்கு வருவோம். மாலை மங்குகிறது. பெண்கள் கரையேறி, வாய்க்காலில் கால் கழுவுகிறார்கள். அவ்வழியே வரும் ஒரு சிறுவன் நம்மிடம் கேட்கிறான்: "இந்த வயலின் விவசாயி யார்?"

பொறி பதில் சொல்லுமுன் நாம் சொல்லவேண்டும். கையை நீட்டி, வாய்க்கால் பக்கம் காட்டி, "இதோ, இவர்கள்" என்று சொல்லவேண்டும்.